பக்ஸ்லோவிட்: 30 குளிசைகளும் பட்டியலில் இல்லாத ஒரு மருந்தும்

கொவிட் தொற்றுக்கு விழுங்கும் பக்ஸ்லோவிட் என்ற மருந்தை எடுத்தவர்கள் தமிழில் எழுதிய அனுபவக் குறிப்புகளில் நான் வாசித்தவை ஏறக்குறைய ஒரே மாதிரியானவை: மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, வாய் ஒரு கிழமை கசந்தது, அவ்வளவுதான். வேறு நிரந்தர மருந்து எதுவும் எடுக்காதவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்வதற்கு அதற்கு மேல் அதிகமில்லை என்பதும் உண்மையே. ஆனால் என்பு மச்சையில் உண்டாகும் நாட்பட்ட குருதி நோய் ஒன்றுக்காக நாளாந்தம் இரு வேளை குளிசை விழுங்கும் என்னைப் போன்றவருக்கு அதே பெட்டி முற்றிலும் வேறொரு பொருளாகவே வந்து சேர்கிறது. 2024 தை மாதத்தில் இலண்டனில் அதை ஐந்து நாட்கள் எடுத்து முடித்தவன் என்ற முறையில், மருந்தையும் அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தந்த சேவையையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் பாதிதான் விளங்கும்.

எனக்கு 2008 இல் பாலிசைதீமியா வேரா என்ற நோய் இருப்பதாகச் சொன்னார்கள். என்பு மச்சை தேவைக்கு மிஞ்சிச் செங்குருதிக் கலங்களை உண்டாக்கி, குருதியைத் தடிக்கச் செய்கின்ற நோய் அது. இதனை உடையவர்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் ஜே.ஏ.கே.2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது 2005 இல்தான் கண்டறியப்பட்டது. பத்தாண்டு காலம் இடையிடையே கையில் ஊசியேற்றி அரை லீற்றர் அளவில் குருதி இறக்கியும், ஹைட்ரொக்ஸிகார்பமைட் விழுங்கியும் ஓட்டினேன். பின்னர் மச்சையில் நார் படிந்து அது மைலோஃபைப்ரோசிஸாக மாறியது. மண்ணீரல் வீங்கி, இடப்பக்க விலாவுக்குக் கீழே தேங்காய்ப் பாதியொன்றை வைத்துக் கட்டியது போலாயிற்று. அப்போதுதான் ருக்ஸோலிட்டினிப் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 2011 இல் இந்த நோய்க்கென அனுமதி பெற்ற முதல் மருந்து இது. பிரித்தானியாவில் ஜகாவி என்ற பெயரில் வருகிறது. காலையில் 20 மில்லிகிராம், இரவில் 20 மில்லிகிராம். மூன்று மாதத்தில் மண்ணீரல் சுருங்கியது. படுக்கை விரிப்பை நனைத்த இரவு வியர்வை நின்றது. அன்றிலிருந்து இந்த மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் எடுத்து வருகிறேன்.

புதன்கிழமை மாலை தொண்டை நொந்தது. வியாழன் காலையில் வீட்டுப் பரிசோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு, திரவம் முழுதாய் ஏறி முடியும் முன்னரே கறுத்தது. இங்கிலாந்தில் குருதிப் புற்றுநோய் வகை நோய்கள் உள்ளவர்கள் மிக உயர் ஆபத்துப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அப்போது பரிசோதனைப் பெட்டி மருந்தகத்தில் இலவசமாகக் கிடைத்தது, கொவிட் மருந்தும் இலவசம். 2022 தொடக்கத்தில் இதற்கென்றே தனி மருந்து வழங்கும் அலகுகள் இயங்கின. பெறுபேறு பதிவானதும் அவர்களே கூப்பிடுவார்கள். 2023 நடுப்பகுதியில் அந்த ஏற்பாடு கலைக்கப்பட்டு, பொறுப்பு அந்தந்தப் பகுதிச் சுகாதார நிர்வாகத்திடம் போனது. ஆகவே இப்போது நோயாளிதான் கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்பது பகுதிக்குப் பகுதி மாறும். எங்கள் பகுதியில் குடும்ப வைத்தியரின் வரவேற்பறையில் தொடங்கி, மூன்று கை மாறி, வெள்ளி நண்பகல்தான் மருந்து எழுதக்கூடிய ஒருவர் என்னுடன் பேசினார். அறிகுறி தொடங்கி ஐந்து நாட்களுக்குள் முதல் வேளை விழ வேண்டிய மருந்துக்கு, இரண்டு நாளைத் தொலைபேசியிலேயே செலவழிப்பது நல்ல சேவைக்கு அடையாளமன்று.

பேசிய மருந்தாளர் பொறுமையானவர், நிதானமாகக் கேட்டார். திரையில் இருந்த என் மருந்துப் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்தார்: அம்லோடிபின், அட்டோர்வாஸ்டட்டின், அலோபியூரினோல், 75 மில்லிகிராம் அஸ்பிரின். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமென்றேன். கடைசிக் குருதிப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருந்தது என்று பார்த்தார். சிறுநீரகத் தொழிற்பாடு குறைந்திருந்தால் பக்ஸ்லோவிட்டின் அளவையும் குறைக்க வேண்டும் என்பதால் அது அவசியமான கேள்வி. பிறகு, அட்டோர்வாஸ்டட்டினைச் சில நாட்கள் நிறுத்துங்கள், அம்லோடிபினுக்கு இரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள், மாலையில் மருந்து வந்துவிடும் என்று சொல்லி உரையாடலை முடிக்கும் தறுவாயில் இருந்தார்.

ருக்ஸோலிட்டினிப் எங்கே என்று கேட்டேன்.

சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படியொரு மருந்து உங்கள் பதிவில் இல்லையே என்றார். இல்லாததில் வியப்பில்லை. அதை எழுதுவது வைத்தியசாலையின் குருதியியல் பிரிவு. கொடுப்பது வைத்தியசாலை மருந்தகம். குடும்ப வைத்தியருக்கு ஒவ்வொரு மூன்று மாதமும் கடிதம் போகிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் மருந்தின் பெயரும் இருக்கிறது. ஆனால் கடிதத்தில் இருப்பதை யாராவது ஒருவர் மருந்துப் பட்டியலில் தட்டெழுதிச் சேர்த்தால் ஒழிய, வெளியிலிருந்து பார்ப்பவரின் திரையில் அது தோன்றாது. நான் எடுக்கும் மருந்துகளில் உயிருக்கு மிக அவசியமானதும் பக்ஸ்லோவிட்டுடன் மிக மோசமாக மோதக்கூடியதுமான ஒன்று, அந்தப் பட்டியலில் இல்லாத ஒரேயொரு மருந்தாக இருந்தது. காய்ச்சல் 39 பாகையில் இருந்து, பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு படுக்கப் போயிருந்தால், அந்த மாலையே முழு அளவில் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருப்பேன்.

ஏன் மோதுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். பெட்டியின் அமைப்பே அதில்தான் இருக்கிறது. பக்ஸ்லோவிட் என்பது ஒரு மருந்தன்று, இரண்டு. ஒவ்வொரு வேளைக்கும் 150 மில்லிகிராம் நிர்மட்ரெல்விர் இரண்டு, 100 மில்லிகிராம் ரிட்டோனாவிர் ஒன்று. நாளுக்கு இரு வேளை, ஐந்து நாள், மொத்தம் 30 குளிசைகள். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான புரதம் வெட்டும் நொதியத்தை நிர்மட்ரெல்விர் முடக்குகிறது. ரிட்டோனாவிர் கொவிட் வைரஸுக்கு எதிராக ஒன்றும் செய்வதில்லை. 1996 இல் எச்.ஐ.வி. மருந்தாக வந்த அது, பின்னாளில் மற்ற மருந்துகளுக்குத் துணையாகவே பெரிதும் பயன்பட்டு வருகிறது. ஈரலில் உள்ள சி.வை.பி.3ஏ4 என்ற நொதியம் நிர்மட்ரெல்விரை விரைவாகச் சிதைத்துவிடும். அந்த நொதியத்தை ரிட்டோனாவிர் கட்டிப்போடுவதால்தான் நிர்மட்ரெல்விர் அடுத்த வேளை வரை குருதியில் தங்குகிறது.

அந்த நொதியம் நிர்மட்ரெல்விருக்காக மட்டும் வேலை பார்ப்பதில்லை. ருக்ஸோலிட்டினிப்பைச் சிதைப்பதும் முக்கியமாக அதுவே. இதே நொதியத்தை வலுவாகத் தடுக்கும் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சண மருந்துடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, உடலில் ருக்ஸோலிட்டினிப்பின் மொத்த அளவு 91% கூடியது. அதாவது 20 விழுங்கினால் ஏறத்தாழ 40 விழுங்கியது போல. இந்த மருந்து அளவு மிஞ்சினால் குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் குறையும், ஹீமோகுளோபின் இறங்கும், நோயெதிர்ப்புக் கலங்களும் குறையும். கொவிட்டோடு போராடும் கிழமையில் இவற்றில் எதுவும் வேண்டத்தக்கதன்று. ருக்ஸோலிட்டினிப் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையை முதல் நாளே கேட்டிருப்பார்கள். அதுவும் இதே நொதியம் பற்றிய பேச்சுத்தான். ரிட்டோனாவிருடன் ஒப்பிட்டால் அந்தப் பழம் ஒரு சின்னப் பிள்ளை.

அப்படியானால் ஐந்து நாளைக்கு ருக்ஸோலிட்டினிப்பை நிறுத்திவிட்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும். மருந்தாளருக்கும் முதலில் அதுவே தோன்றியது. அது கூடாது என்று வலியுறுத்தியது நான்தான். இந்த மருந்தைத் தருகின்ற எந்த வைத்தியரும் முதல் சந்திப்பிலேயே சொல்வது அது. திடீரென நிறுத்தினால் ஒரு கிழமைக்குள் பழைய அறிகுறிகள் திரும்புகின்றன. சிலரில் கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி வரை போயிருக்கிறது. கொவிட் முற்றினாலும் இதே தோற்றம்தான் வரும் என்பதால், எது எதனால் என்று பிரித்தறிவதே சிக்கலாகிவிடும். முதல் அலையின்போது கொவிட் தொற்றிய 175 மச்சை நோயாளர்களை ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட கட்டுரை, ருக்ஸோலிட்டினிப்பைத் திடீரென நிறுத்தியவர்களிடையே இறப்பு மிகுந்திருந்ததைக் காட்டியது. நோய்த்தொற்று வந்தால் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை நிறுத்துவது என்ற பொதுவழக்கம் இங்கே பொருந்தவில்லை.

மருந்தாளர் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பதை அவருக்குரிய பெரும் புள்ளியாக எழுதுகிறேன். வைத்தியசாலையில் கடமையிலிருக்கும் குருதியியல் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வைத்தவர், ஒன்றரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். அந்த இடைவெளியில் லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்துகின்ற கொவிட் மருந்து இடைத்தாக்கத் தளத்தைக் கைபேசியில் திறந்து பார்த்தேன். எச்.ஐ.வி. மருந்துகளுக்காக 1999 முதல் இத்தகைய தளமொன்றை நடத்திவரும் குழுவினர் 2020 இல் கொவிட்டுக்கென அமைத்தது இது. ஒரு பக்கம் கொவிட் மருந்தையும் மறுபக்கம் நாம் எடுக்கும் மருந்தையும் தெரிவுசெய்தால், சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை என்று நிறத்தில் விடை வரும். சிவப்பென்றால் சேர்க்கவே கூடாது. செம்மஞ்சள் என்றால் அளவை மாற்றியோ கண்காணித்தோ கொடுக்க வேண்டும். நிறத்தைத் தொட்டால் காரணமும் விரிகிறது. பணம் கேட்பதில்லை, கணக்குத் திறக்கச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதும் மருந்தின் வணிகப் பெயரை விட மூலப்பெயரை அறிந்திருக்க வேண்டியிருப்பதும் குறைகள். இந்தக் கிழமையில் நான் பயன்படுத்திய அனைத்திலும் முழு மதிப்பெண் பெறுவது இந்தத் தளம்தான்.

வைத்தியர் சொன்ன தீர்ப்பு இது: பக்ஸ்லோவிட் எடுக்கலாம், ருக்ஸோலிட்டினிப்பைப் பாதியாக்கி, 10 மில்லிகிராம் இரு வேளை எடுக்க வேண்டும், பக்ஸ்லோவிட் முடிந்த பிறகும் மூன்று நாட்களுக்கு அந்தப் பாதி அளவிலேயே இருக்க வேண்டும், ஏனெனில் கட்டுண்ட நொதியம் உடனே விடுபடுவதில்லை, அந்தக் காலத்தில் இரண்டு தடவை குருதி பார்க்க வேண்டும். ஆக எட்டு நாள், 16 குளிசைகள்.

காகிதத்தில் இது எளிது. என் வீட்டிலிருந்த குளிசைகளோ எல்20 என்று பொறித்த, நீள்வடிவான வெள்ளைக் குளிசைகள். அவற்றின் நடுவில் உடைப்பதற்கான கோடு கிடையாது. பனடோலைக் கத்தியால் இரண்டாக்குவது போல இதை வெட்டலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், எல்10 என்ற வட்டக் குளிசை தருகிறோம் என்றார்கள். வைத்தியசாலை மருந்தகம் அதைத் தயார் செய்யும்போது வெள்ளி மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. சனி காலை வந்து எடுங்கள் என்றார்கள்.

பக்ஸ்லோவிட் பெட்டி ஏழு மணிக்கே வந்தது. வாசலில் வைத்துவிட்டு, மணியடித்து, எட்டு அடி தள்ளி நின்று கையசைத்துவிட்டுப் போனார் கொண்டுவந்தவர். அதை மேசையில் வைத்தேன். ஐந்து அட்டைகள், நாளுக்கொன்று; ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பாதி மஞ்சள், அது காலை; மறு பாதி நீலம், அது இரவு. இளஞ்சிவப்புக் குளிசை இரண்டும் வெள்ளை ஒன்றும் ஒவ்வொரு பாதியிலும். தலை கனத்துக் கண் எரியும் நேரத்தில்கூடப் பிழைவிட முடியாத அமைப்பு. இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் காய்ச்சலில் கிடந்த ஒருவரை நினைத்தே வடிவமைத்திருக்கிறார். ஆனால் உள்ளேயிருந்த மடிப்புத்தாளை விரித்தபோது அந்த அக்கறை காணாமற் போயிற்று. இடைத்தாக்கம் கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பொடி எழுத்தில், பத்தி பத்தியாகப் போகிறது. அதில் தன் மருந்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை, உடல் நலமாக இருக்கும் நாளிலேயே பூதக்கண்ணாடி கேட்கும்.

“உதையேன் மேசையில வைச்சுப் பார்த்துக்கொண்டிருக்கிறியள், போடுங்கோவன்” என்றார் மனைவி. நியாயமான கேள்விதான். அறிகுறி தொடங்கி இரண்டு நாள் கடந்துவிட்டது. மருந்து கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. இருந்தாலும் அன்றிரவு வழமையான 20 ஐ விழுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படுத்தேன். சனி காலை மகன் போய் எல்10 பெட்டியை வாங்கி வந்து கதவடியில் வைத்தபோது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு மஞ்சள் பாதியின் மூன்று குளிசைகளையும் வட்டமான அந்த வெள்ளைக் குளிசை ஒன்றையும் விழுங்கினேன். ஐந்து நாள் எல்லைக்குள் தான். ஆனால் எல்லைக்குள் கொண்டுவந்து சேர்த்தது சேவையா, மகனின் காரா என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கட்டும்.

இனி மருந்தைப் பற்றி. முதல் வேளை விழுங்கி மூன்று மணி நேரத்தில் அந்தப் பெயர்பெற்ற கசப்பு வந்துவிட்டது. பாகற்காய்க் கசப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. பாகற்காயில் ஒரு ருசி இருக்கிறது. வெயிலில் கிடந்த செப்புக் காசொன்றை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு வேப்பங்கொழுந்தைச் சப்புவது போன்றது இது. சாப்பிடும்போது சற்று மறையும். தண்ணீர் குடித்தால் மேலும் தெளிவாகத் தெரியும். நடு இரவில் எழுந்தால் முழுதாக இருக்கும். உப்பும் புளியும் தூக்கலான இரசம் அரை மணி நேரம் உதவியது. மனைவி அவித்துத் தந்த மல்லித் தண்ணீரை இஞ்சியோடு குடித்தேன், அதற்குத் தடையில்லை. மூலிகைக் குளிசைகள் எடுப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: மனச்சோர்வுக்கென்று மேலைநாட்டுக் கடைகளில் விற்கும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை அந்த நொதியத்தைத் தூண்டி, பக்ஸ்லோவிட்டையே பயனற்றதாக்கிவிடும், அதனுடன் சேர்க்கவே கூடாது. இரண்டாம், மூன்றாம் நாட்களில் வயிறு இளகியது. வேறு தொந்தரவு இல்லை.

ஞாயிறு இரவு காய்ச்சல் விட்டது. திங்கள் நண்பகலில் மாடிப்படியை இளைக்காமல் ஏறினேன். இது மருந்தால் வந்த சுகமா, ஏழு தடுப்பூசிகளால் வந்ததா, தானாகவே வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பவும் மாட்டேன். இந்த மருந்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வில், அறிகுறி தொடங்கி மூன்று நாளுக்குள் மருந்து பெற்ற 697 பேரில் ஐந்து பேரும், வெற்றுக் குளிசை பெற்ற 682 பேரில் 44 பேரும் வைத்தியசாலைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். ஏறத்தாழ 89% குறைவு. அவர்கள் அனைவரும் தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமானவர்கள். தடுப்பூசி போட்டவர்களையும் ஆபத்துக் குறைந்தவர்களையும் சேர்த்துச் செய்த பிந்திய ஆய்வில், அறிகுறிகள் விரைவாக நீங்குகின்றன என்று நிரூபிக்க முடியவில்லை. நாட்பட்ட குருதி நோயுள்ளவர் இவ்விரண்டு கூட்டத்திலும் சரியாக அடங்குவதில்லை: தடுப்பூசி போட்டவர்தான், ஆனால் அந்த ஊசிக்கு உடல் எவ்வளவு பதில் கொடுத்தது என்று தெரியாதவர். அந்த ஐயமே என்னை இந்த மருந்தை எடுக்க வைத்தது.

செவ்வாயன்று தாதி ஒருவர் முகக்கவசத்துடன் வீட்டுக்கு வந்து குருதி எடுத்தார். வழமையாக 140 அளவில் நிற்கும் சிறுதட்டுகள் 118 ஆக இருந்தன. அடுத்த திங்கள் 109. ஹீமோகுளோபின் 9.8 இலிருந்து 9.4. பாதி அளவில் இருந்துமே இவ்வளவு இறங்கியது. கொவிட்டும் சிறுதட்டுகளைக் குறைக்கும் என்பதால் பழியை எதன் மீதும் முழுதாகப் போட முடியாது. ஞாயிறன்று 20 க்குத் திரும்பினேன்; இரண்டு கிழமைக்குப் பின் 131. மண்ணீரலை ஒவ்வொரு காலையும் விரலால் தடவிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அது அசையவில்லை. பக்ஸ்லோவிட் முடிந்து நாலாம் நாள் பட்டையில் மங்கலாக இரண்டாவது கோடு மீண்டும் வந்து, தொண்டை இரண்டு நாள் நொந்தது. இந்தத் திரும்பல் மருந்து எடுக்காதவர்களுக்கும் வருவதுண்டு. மறுபடி மருந்து எழுதவில்லை, தேவைப்படவுமில்லை.

இதை வாசித்துவிட்டு எவரும் தம் குளிசையைப் பாதியாக்கிவிடக் கூடாது. என் அளவு என் சிறுதட்டு எண்ணிக்கைக்கும் என் நோய்க்கும் உரியது. ஏற்கனவே மிகக் குறைந்த அளவில் இருப்பவருக்கு விடை வேறாக இருக்கும். எங்கள் சிகிச்சையகத்தில் என்னோடு காத்திருக்கும் ஈஸ்ட்ஹாம் அக்கா ஒருவர் ஹைட்ரொக்ஸிகார்பமைட் மட்டும் எடுக்கிறார். அந்த நொதியத்தோடு அதற்குத் தொடர்பில்லாததால் அளவை மாற்றாமலே பக்ஸ்லோவிட்டை முடித்தார். இன்டர்ஃபெரோன் ஊசி போடுபவர்களுக்கும் இந்த மோதல் இல்லை. மாறாக, ருக்ஸோலிட்டினிப் பலிக்காமற் போனவர்களுக்குக் கொடுக்கப்படும் ஃபெட்ராட்டினிப்புக்கும் அளவுக் குறைப்பு வேண்டும்.

எங்களைப் போன்றவர்களிடம் அதிகம் கவனிக்க வேண்டியது குருதி உறையாமற் செய்யும் மருந்துகள். இந்த நோய்களில் குருதி கட்டுவது அடிக்கடி நடப்பதால், பலர் றிவரொக்ஸபான் அல்லது அப்பிக்ஸபான் எடுக்கிறார்கள். இரண்டின் அளவையும் ரிட்டோனாவிர் குருதியில் உயர்த்தி, குருதிப் பெருக்குக்கு வழி செய்யும். றிவரொக்ஸபானோடு பொதுவாகச் சேர்ப்பதில்லை. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அடுத்தடுத்துக் குருதி பார்க்க வேண்டும். குளோபிடோகிரெலிலோ எதிர்ப்பக்கச் சிக்கல்: உடல் அதைச் செயற்படு வடிவத்துக்கு மாற்றுவதை ரிட்டோனாவிர் குறைப்பதால், அதன் காப்பு தளர்ந்துவிடும். ஒரே பெட்டி, ஒருவருக்குக் குருதியை அளவுக்கு மிஞ்சி நீர்க்கச் செய்யும், மற்றவருக்குக் கட்டவிடும்.

பக்ஸ்லோவிட் ஒத்துவராதவர்களுக்கு மாற்று இருக்கிறது. ஆனால் எதுவும் இதைப்போல் வீட்டிலேயே விழுங்கிவிடும் சுகம் தருவதில்லை. ரெம்டெசிவிர் மூன்று நாள் தொடர்ச்சியாக நாளத்தில் ஏற்ற வேண்டும். ஈரல் நொதியச் சண்டை அதில் இல்லாததால் என்னைப் போன்றவருக்கு நல்ல தெரிவுதான், நாளாந்தம் போய்வர ஆளிருந்தால். மொல்னுபிராவிர் எந்த மருந்தோடும் அவ்வளவாக மோதாது, 40 உறைக்குளிசைகள். ஆனால் அதன் பலன் கேள்விக்குரியது. ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 25,000 க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய பனோரமிக் ஆய்வில், பெரும்பாலும் தடுப்பூசி போட்டவர்களாக இருந்த அவர்களுக்கு அது சில நாள் முன்னதாகச் சுகம் தந்ததே தவிர, வைத்தியசாலை அனுமதியைக் குறைக்கவில்லை. மோதாத மருந்து என்பதற்காக மட்டும் ஒரு மருந்தைத் தெரிவுசெய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இங்கே ஒரு சதமும் கொடுக்காமல் கிடைத்த இந்தப் பெட்டியின் பட்டியல் விலை 829 பவுண். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மருந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று கசப்புக்காக அல்ல, அந்த மடிப்புத்தாளுக்காக. பெட்டியின் வெளிப்புறத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, வைத்தியசாலையிலிருந்து நேரடியாகப் பெறும் மருந்துகளையும் சொல்லிவிட்டீர்களா என்று பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சிட எவ்வளவு மை செலவாகும்? சேவைக்கு இரண்டரை. அதில் இரண்டு, தெரியாது, கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்ன அந்த மருந்தாளருக்கே உரியது.

சுகமான பிறகு குடும்ப வைத்தியரின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, ருக்ஸோலிட்டினிப்பை என் மருந்துப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். நாங்கள் எழுதாத மருந்தை எப்படிச் சேர்ப்பது என்று முதலில் பதில் வந்தது. வைத்தியசாலை வழங்கும் மருந்து, இங்கே வழங்க வேண்டாம் என்ற குறிப்புடன் சேர்க்க வழியிருக்கிறது என்று குருதியியல் தாதி சொல்லித் தந்ததை இரண்டாம் கடிதத்தில் அப்படியே எழுதினேன். ஆறு கிழமை ஆயிற்று. இப்போது பிரித்தானியப் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். இன் செயலியைத் திறந்தால் அஸ்பிரினுக்கு அடுத்த வரியில் அது இருக்கிறது. எனினும் என் பணப்பையில், வெளிநாட்டில் விழுந்தாலும் வாசிக்கத்தக்கதாக, மூலப்பெயரும் அளவும் எழுதிய அட்டை ஒன்றும் இருக்கிறது.

எல்10 பெட்டியில் 56 குளிசைகள் இருந்தன. 16 போக மீதி 40. மீண்டும் கொவிட் வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள், அதுவரை திருப்பித் தர வேண்டாம், ஆனால் எங்களிடம் கேட்காமல் தொடவும் வேண்டாம் என்றார் தாதி. எல்20 பெட்டியோடு கலந்துவிடாதபடி மனைவி அதை வேறு தட்டில் வைத்து, காலாவதித் திகதியைக் கறுப்புப் பேனாவால் மூடி நிறைய எழுதியிருக்கிறார்.